டெமெலின் அணு உலைக்காக ஆஸ்திரியாவும் செக்கும் பேசிப் பேசி என்னதான் கண்டார்கள்?

லின்ஸ்வாசி:

வணக்கம். நான் ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் இருக்கிறேன், வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் மகளின் பள்ளிப் பையில் ஒரு படிவம் இருந்தது. சுற்றுலாவுக்கு அனுமதிக் கடிதம்தானே என்று படிக்காமலே பேனாவை எடுத்துவிட்டேன், அப்புறம்தான் "பொட்டாசியம் அயோடைடு" என்ற சொல் கண்ணில் பட்டது. விஷயம் இதுதான்: எங்காவது அணு உலை விபத்து நடந்து கதிரியக்க அயோடின் காற்றோடு வந்தால் பிள்ளைக்குப் பள்ளியிலேயே மாத்திரை கொடுக்கலாமா, தைராய்டு கோளாறு ஏதும் உண்டா, சம்மதம் என்றால் கீழே கையெழுத்து. சாம்பார்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு இரண்டாம் முறை படித்தேன். மனைவி கேட்டாள், "இந்த நாட்டில்தான் அணு உலையே ஓடவில்லையே, அப்புறம் எதற்கு?"

மறுநாள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒருவர் எல்லையோரக் கிராமத்து ஆஸ்திரியர், இன்னொருவர் செக், அங்கே அணு உலை இருக்கும் டெமெலின் ஊர்ப் பக்கத்துக்காரர். பல வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். ஆஸ்திரியர், "எல்லாம் இவர்கள் உலையால்தான்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். செக்காரர், "குளிர்காலத்தில் எங்களிடம் மின்சாரம் வாங்கும்போது மட்டும் அது இனிக்கும்" என்றார். பிறகு சாலை மறியல், மெல்க் மடம், வெர்ஹொய்கன், 28.8 மீட்டர் என்று என்னென்னவோ பறந்தன. பத்து நிமிடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நான் இணையத்தில் தேடியதில் ஒரு பக்கம் "வரலாற்றுச் சிறப்புமிக்க ஒப்பந்தம்", இன்னொரு பக்கம் "வெறும் காகிதம்". இரண்டு நாடும் வருடக்கணக்கில் பேசியிருக்கின்றன, உலையோ இன்றும் ஓடுகிறது. அப்படியென்றால் அந்தப் பேச்சுவார்த்தையால் யாருக்கு என்ன கிடைத்தது? நாடகமா, நிஜமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை மட்டும் இங்கே ஆரம்பிக்காதீர்கள், அதற்கு வேறு இழை நூறு இருக்கிறது.


ப்ர்னோ_பரதேசி:

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், ப்ர்னோவில் இருக்கிறேன், அதனால் செக் வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியாக்காரர்களின் கோபம் புரிய வேண்டுமென்றால் 1978-க்குப் போக வேண்டும். வியன்னாவுக்கு மேற்கே டான்யூப் கரையில் ஸ்வென்டன்டோர்ஃப் என்ற இடத்தில் ஓர் அணு மின் நிலையத்தை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு, ஓட்டலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். நவம்பர் 5. வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம், வித்தியாசம் சுமார் 30,000 வாக்கு. அவ்வளவுதான், கட்டிய உலை ஒரு நாள்கூட ஓடவில்லை, இன்றும் அப்படியே நிற்கிறது. கல்யாண மண்டபம் கட்டிக் கதவைத் திறக்காமலே பூட்டிய மாதிரி. அதன் பிறகு 1986-ல் செர்னோபில் மேகம் வந்து மழையாய் இறங்கியதில் மேற்கு ஐரோப்பாவிலேயே அதிகம் வாங்கிக்கொண்ட நாடுகளில் ஆஸ்திரியாவும் ஒன்று. உங்கள் லின்ஸ் இருக்கும் மேல் ஆஸ்திரிய மாகாணத்திலும் நல்ல அளவு விழுந்தது. காட்டுக் காளானில் கதிரியக்க சீசியம் இருக்கிறதா என்று இன்னும் பார்க்கிறார்கள். 1999-ல் "அணுசக்தி இல்லாத ஆஸ்திரியா" என்பதை அரசியலமைப்புச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

இந்த மனநிலையில் இருக்கும் நாட்டின் எல்லையிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி டெமெலின். 1987-ல் சோவியத் வடிவமைப்பில், வி.வி.இ.ஆர்.-1000 வகையில், நான்கு உலை கட்டத் தொடங்கினார்கள். 1989-ல் ஆட்சி மாறியது, நான்கு இரண்டாகக் குறைந்தது, கட்டுப்பாட்டுக் கருவிகளையும் எரிபொருளையும் அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸிடம் வாங்கினார்கள். கிழக்கத்தி உடம்பில் மேற்கத்தி மூளை. செக் பக்கம் இதைப் பெருமையாகச் சொன்னார்கள், ஆஸ்திரியப் பக்கம் இதுவே பயம், இப்படி ஒட்டுப் போட்டது வேறு எங்கே ஓடிப் பார்த்திருக்கிறது என்றார்கள். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

2000 அக்டோபரில் முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது. அதை ஒட்டியே மேல் ஆஸ்திரியாவில் மக்கள் டிராக்டரும் காருமாக வந்து எல்லைச் சாலைகளை மறித்தார்கள். லாரிகள் கி.மீ. கணக்கில் நின்றன. இங்கே செக் ஆட்கள் கொதித்துப் போனார்கள், நாற்பது வருடம் இரும்புத்திரை, அது போய் இப்போது இவர்கள் கதவைச் சாத்துகிறார்களா என்று. அந்த நேரத்தில் செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வரிசையில் நிற்கிறது. ஆஸ்திரியா ஏற்கெனவே உறுப்பினர், சேர்க்கைப் பேச்சுவார்த்தையின் "எரிசக்தி" அத்தியாயத்தை முடிக்க விடமாட்டேன் என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. இதுதான் சாவி. இது இல்லையென்றால் மெல்க் என்ற பேச்சே இருந்திருக்காது.

2000 டிசம்பர் 12. மெல்க் ஊரில் டான்யூபுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் பெரிய மடம் ஒன்று இருக்கிறதே, அங்கே செக் பிரதமர் மிலோஷ் ஸெமானும் ஆஸ்திரிய சான்சலர் வொல்ஃப்காங் ஷூஸலும் உட்கார்ந்தார்கள். நடுவில், ஒன்றியத்தில் புது நாடுகளைச் சேர்ப்பதைக் கவனித்த விரிவாக்க ஆணையர் குந்தர் வெர்ஹொய்கன். முடிவு என்ன? எதுவும் நடந்தால் உடனே சொல்ல நேரடித் தொடர்பு, பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்கு நிபுணர்கள் உட்கார்ந்து பதில், செக் சட்டம் கட்டாயப்படுத்தாதபோதும் சுற்றுச்சூழல் மதிப்பீடு, இதெல்லாம் முடியும் வரை வணிக ரீதியாக ஓட்டுவதில்லை. பதிலுக்கு ஆஸ்திரியா எல்லைப் போக்குவரத்தைத் திறந்துவிட வேண்டும். ஒன்பதே நாளில், டிசம்பர் 21-ல், டெமெலின் மின்சாரம் கம்பியில் ஏறிவிட்டது. "சோதனை ஓட்டம்" என்று பெயர். ஆஸ்திரியர்கள் ஏமாந்த மாதிரி உணர்ந்ததில் ஆச்சரியமில்லை.

அடுத்த வருடம் 2001 நவம்பர் 29-ல் பிரஸ்ஸல்ஸில் இரண்டாம் சுற்று. அங்கே ஏழு தொழில்நுட்ப விஷயங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் வழி வகுத்தார்கள். உங்கள் சாப்பாட்டு மேசையில் பறந்த 28.8 மீட்டர் அதில் ஒன்று. தொழில்நுட்பம் எனக்கு வராது, யாராவது வந்து சொல்லட்டும்.

நாடகமா என்றால், நாடகமும் இருந்தது. 2002 ஜனவரியில் சுதந்திரக் கட்சிக்காரர்கள், அப்போது அவர்கள் வியன்னாவில் கூட்டணி அரசில் இருந்தவர்கள், டெமெலினை மூடாவிட்டால் செக்கை ஒன்றியத்தில் சேர்க்கக் கூடாது என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 9 லட்சத்துக்கு மேல் விழுந்தது. அவ்வளவு சின்ன நாட்டில் அது பெரிய எண்ணிக்கை. கூடவே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் மொழிக்காரர்களை வெளியேற்றிய பழைய ஆணைகளையும் கிளறினார்கள். அந்தப் பேச்சு வந்ததும் இங்கே நியாயமான பாதுகாப்புக் கேள்வியைக்கூடக் கேட்கத் தயாராக யாரும் இல்லாமல் போனார்கள். குழாயைப் பற்றிப் பேச வந்தவன் தாத்தா காலத்துச் சொத்துத் தகராறை எடுத்தால் யார் பேசுவார்கள்?

இன்னொன்று சொல்ல வேண்டும். டூகோவானி என்று இன்னொரு நிலையம் இருக்கிறது, 1980-களில் ஓடத் தொடங்கிய நான்கு பழைய உலைகள், டெமெலினில் இருக்கிற மாதிரி, கதிரியக்கம் வெளியே போகாமல் உலையை மூடி நிற்கும் முழுக் காப்புக் கட்டடம் அதில் கிடையாது. ஆஸ்திரிய எல்லைக்கு அது டெமெலினை விடப் பக்கம். ஆனால் சண்டை முழுக்க டெமெலின் மேல்தான் விழுந்தது, ஏனென்றால் அது புதிதாகத் திறந்தது, அப்போது பேரம் பேச இடம் இருந்தது. பயம் எங்கே அதிகமோ அங்கே பேச்சு நடப்பதில்லை, பிடி எங்கே கிடைக்கிறதோ அங்கே நடக்கிறது.


சும்மா_படிப்பவன்:

மூன்று வருடம் ஆஸ்திரியாவில் இருந்துவிட்டு டெமெலின் தெரியாதா? சனிக்கிழமை மதியம் 12 மணிக்குச் சைரன் கேட்டதில்லையா?


லின்ஸ்வாசி:

கேட்டிருக்கிறேன் ஐயா, முதல் சனிக்கிழமை போர்தான் வந்துவிட்டது என்று பால்கனிக் கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார், அதைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது. தீயணைப்புக்கென்று நினைத்திருந்தேன், அணு உலைக்கும் அதே சைரன்தானாம், அக்டோபர் முதல் சனிக்கிழமை எல்லா வகை ஒலியையும் ஊதிக் காட்டுவார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

ப்ர்னோ அண்ணா, மிக்க நன்றி. 28.8 மீட்டர் என்ன கணக்கு என்று யாராவது?


பாய்லர்_தாத்தா:

தம்பி, நான் அணு உலை ஆள் இல்லை. அனல் மின் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் பாய்லர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் நீராவிக் குழாய் எங்கே இருந்தாலும் நீராவிக் குழாய்தான், அதனால் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

வி.வி.இ.ஆர்.-1000-ல் நான்கு நீராவி ஆக்கிகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தடித்த குழாய் காப்புக் கட்டடத்தை விட்டு வெளியே வந்து டர்பைன் கூடத்துக்குப் போகும். உள்ளே சுமார் 60 பார் அழுத்தம், 280 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு. திரும்பி வரும் நீர்க் குழாய்களும் அதே வழியில். டெமெலினில் இவை எல்லாம் வெளியே வரும் இடம் தரையிலிருந்து 28.8 மீட்டர் உயரத்துத் தளம். பிரச்சினை உயரம் இல்லை, நெருக்கம். குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது.

வாசலில் ஹோஸ் குழாயை முழு வேகத்தில் திறந்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள், பாம்பு மாதிரி துள்ளும். இரும்புக் குழாய் 60 பாரில் முறிந்தாலும் அதேதான், ஆனால் அது துள்ளினால் பக்கத்துக் குழாயையும் சேர்த்து உடைக்கும். ஒரு குழாய் போனால் சமாளிக்க வடிவமைப்பில் வழி இருக்கும். இரண்டு மூன்று ஒன்றாகப் போனால்? நீராவி மளமளவென்று வெளியேறி, உலைக்குள் திடீரென்று குளிர்ச்சி. அழுத்தம் அப்படியே இருக்க, சூடான தடித்த எஃகுக் கலன் மேல் குளிர்ந்த நீர் பட்டால் உலோகத்தில் விரிசல் பயம். உலை ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கலனை மாற்ற முடியாது, அதுதான் உலையின் உயிர். ஏழு அம்சப் பட்டியலில் குழாய் ஒன்று, கலன் உறுதி இன்னொன்று என்று எண் தனித்தனியாக இருந்தாலும் இரண்டும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயம்.

வால்வும் பட்டியலில் இருந்தது, அது என் சொந்தத் துறை. பாதுகாப்பு வால்வை நீராவிக்குச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். ஆனால் விபத்து நேரத்தில் அதன் வழியாக நீராவியும் தண்ணீரும் கலந்து வந்தால்? நீராவிக்குத் திறந்து மூடுகிற வால்வு, கலவை வந்தால் தடதடவென்று அடித்துக்கொண்டு, சில சமயம் திரும்ப உட்காராது. திறந்தே நின்றால் மறுபடி அதே குளிர்ச்சிக் கதை. "இந்த வால்வைக் கலவைக்குச் சோதித்தீர்களா, காகிதம் காட்டுங்கள்" என்பதுதான் ஆஸ்திரிய நிபுணர்களின் கேள்வி. நியாயமான கேள்வி. எங்கள் நிலையத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதற்காக என்னை ஒரு வருடம் ஸ்டோருக்குத் தூக்கிப் போட்டார்கள், அது வேறு கதை.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது: மிகை வெப்ப நீராவி கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கையை நீட்டித் தேடினால் கை போய்விடும். துடைப்பக் கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டே நடக்க வேண்டும், எங்கே துடைப்பம் அறுந்து விழுகிறதோ அங்கே கசிவு. அடுத்த வீட்டுக்காரன் உங்கள் வீட்டுக்குள் துடைப்பத்தை நீட்டிக்கொண்டு நடக்க அனுமதி கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அவன் பயமும் பொய் இல்லை.


லின்ஸ்வாசி:

தாத்தா, இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. சரி, கேட்டார்கள், காகிதமும் காட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். திருத்தினார்களா? திருத்தவில்லை என்றால் ஆஸ்திரியா என்ன செய்ய முடியும்?


ப்ர்னோ_பரதேசி:

தாத்தாவுக்கு ஒரு கும்பிடு.

திருத்தினார்களா என்றால், சிலவற்றில் வேலை நடந்தது. சிலவற்றில் "எங்கள் ஆய்வு முறையே போதும், எங்கள் ஒழுங்குமுறை அமைப்பு ஏற்றுக்கொண்டுவிட்டது" என்று செக் பக்கம் முடித்துக்கொண்டது. 28.8 மீட்டர் விஷயத்தில் ஆஸ்திரிய நிபுணர்கள் கடைசி வரை முழுத் திருப்தி அடையவில்லை. ஒவ்வொரு நாட்டு உலைக்கும் அந்த நாட்டு அமைப்புதான் பொறுப்பு, 1994-ல் வந்த அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையும் அதைத்தான் சொல்கிறது. பக்கத்து நாடு கேட்கலாம், உத்தரவு போட முடியாது.

இந்த ஒப்பந்தம் சட்டப்படி கட்டுமா என்பதே பல வருடச் சண்டை. வியன்னா கட்டும் என்றது, ப்ராக் அரசியல் வாக்குறுதி என்றது. ஒன்றியத்தில் சேரும் ஒப்பந்தத்தோடு இரண்டு நாடும் சேர்ந்து, டெமெலின் பற்றிய இருதரப்புக் கடமைகளை நிறைவேற்றுவோம் என்று ஓர் அறிவிப்பை இணைத்தார்கள். 2004 மே 1-ல் செக் உள்ளே வந்துவிட்டது. அன்றோடு ஆஸ்திரியாவின் பிடி போயிற்று, இது என் கருத்து.

அதன் பிறகு நீதிமன்றம். மேல் ஆஸ்திரிய மாகாண அரசுக்கு எல்லைப் பக்கம் ஒரு விவசாயப் பள்ளி நிலம் இருந்தது. அந்த நில உரிமையாளர் என்ற முறையில், பக்கத்து வீட்டுக்காரன் புகை விடுகிறான் என்று போடுவது மாதிரி, 60 கி.மீ. தள்ளி டெமெலினை ஓட்டும் மின் நிறுவனம் செஸ் மேல் லின்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். எனக்கு இந்த வழக்கு ரொம்பப் பிடிக்கும், கற்பனை வேண்டும் இதற்கெல்லாம். ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2009-ல் முடிந்தது: செக் அரசு கொடுத்த அனுமதியை ஆஸ்திரிய நீதிமன்றம் இல்லாத மாதிரி பாவிக்க முடியாது, உள்நாட்டு அனுமதிக்குத் தரும் மதிப்பை அதற்கும் தர வேண்டும்.

மிஞ்சியது என்ன என்று கேட்டீர்கள். மிஞ்சியது தொலைபேசியும் கூட்டமும். 1989-லேயே பழைய செக்கோஸ்லோவாக்கியாவோடு ஒரு தகவல் ஒப்பந்தம் இருந்தது, வருடத்துக்கு ஒரு முறை நிபுணர்கள் சந்திப்பு. மெல்க் அதற்கு மேல் டெமெலினுக்கென்று தகவல் வழியைத் திறந்தது. சோதனைக் காலத்தில் டர்பைன் அதிர்கிறது என்று உலை நின்று நின்று ஓடியபோது ஒவ்வொரு நிறுத்தமும் ஆஸ்திரியப் பத்திரிகையில் வந்தது. இங்கே கேலி செய்தார்கள், பல்பு மாற்றினாலும் வியன்னாவுக்குச் சொல்ல வேண்டும் என்று. கேலி செய்யட்டும். மறைக்கிற பழக்கத்தில் வளர்ந்த ஒரு துறை சொல்லிப் பழகியது, அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. இப்போது டூகோவானியில் கொரிய நிறுவனம் புதிதாக இரண்டு உலை கட்டப் போகிறது, 2025 ஜூனில் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் ஆஸ்திரியர்களும் கருத்துச் சொன்னார்கள், யாரும் சாலையை மறிக்கவில்லை.


கௌனஸ்_மாணவி:

நான் லித்துவேனியாவில் படிக்கிறேன். ப்ர்னோ அண்ணா "பிடி" என்று சொன்னாரே, பிடி இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கே வாருங்கள்.

பெலாரூஸ் நாட்டின் அஸ்த்ராவெட்ஸ் நிலையம் லித்துவேனியத் தலைநகர் வில்னியஸிலிருந்து சுமார் 50 கி.மீ. தான். கட்டத் தொடங்குவதற்கு முன்பிருந்தே லித்துவேனியா புகார் சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லை தாண்டிய சுற்றுச்சூழல் பாதிப்புக்கு எஸ்போ உடன்படிக்கை என்று 1991-ல் ஒன்று வந்தது, இரண்டு நாடும் அதில் உறுப்பினர். இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், மாற்று இடங்களைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு பெலாரூஸ் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, உடன்படிக்கையை மீறியது என்று 2019-ல் உறுப்பு நாடுகளின் கூட்டமே தீர்மானித்தது. அதனால் என்ன? 2020 நவம்பரில் உலை ஓடத் தொடங்கியது.

2016-ல் உலைக் கலனைத் தூக்கும்போது நழுவவிட்டார்கள். பாய்லர் தாத்தா சொன்ன அதே கலன். அதிகாரிகள் அதை உடனே சொல்லவில்லை, உள்ளூர் ஆர்வலர் ஒருவர் மூலம் வெளியே கசிந்து, அதன் பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள், கடைசியில் வேறு கலன் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்து நாட்டு அரசு இதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டது. மெல்க் மாதிரி ஒரு தொலைபேசி இங்கே இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

லித்துவேனியா செய்தது: அந்த நிலையம் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சட்டம் போட்டது, உலை ஓடிய அன்றே பெலாரூஸோடு மின் வர்த்தகத்தை நிறுத்தியது, எல்லைப் பக்க மக்களுக்கு அயோடின் மாத்திரை கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால் லித்துவேனியாவிலும் செர்னோபில் வகை உலை இரண்டு இக்னாலினாவில் ஓடின. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் மூடு என்றார்கள், 2004-ல் ஒன்று, 2009 கடைசியில் இன்னொன்று என்று மூடிவிட்டார்கள். சொந்த உலையை மூடிவிட்டு அடுத்தவன் உலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், என் விடுதிக் காப்பாளர் அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார்.


மன்னார்க்காரன்:

இவ்வளவும் வாசிச்ச பிறகு எங்கட பக்கத்தையும் சொல்லாமல் இருக்கேலாது. கூடங்குளத்தில் ஓடுவதும் வி.வி.இ.ஆர்.-1000 தான், டெமெலினின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கற்பிட்டிக் கரைக்கு அது சுமார் 230 கி.மீ., நடுவில் கடல் மட்டும்தான், மறிக்க மலை இல்லை.

2011, 12-ல் இடிந்தகரையில் போராட்டம் நடந்த காலத்தில் கொழும்பிலும் அமைச்சர் மட்டத்தில் பேச்சு எழும்பியது, இந்தியாவோடும் கதைத்தார்கள். 2015 பெப்ரவரியில் அப்போதைய ஜனாதிபதி சிறிசேன டெல்லி போனபோது அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. பயிற்சி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு, அனர்த்தத் தணிப்பு எல்லாம் அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் ஏழு அம்சம், எந்தக் குழாய், எந்த வால்வு, காகிதம் காட்டு என்ற கதை அதில் இல்லை. எஸ்போ மாதிரி ஒன்றும் தெற்காசியாவில் கிடையாது. செர்னோபிலுக்குப் பிறகு வந்த, விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை இரண்டு நாட்டுக்கும் பொருந்தும், அவ்வளவுதான்.

என்ர ஐயா கடற்தொழிலாளி. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அங்கே ஏதும் நடந்தால், வலை போட்டுக்கொண்டு நிற்கிற எனக்கு எத்தனை மணித்தியாலத்தில் யார் சொல்லுவினம்? நான் அவருக்கு இன்னும் பதில் சொல்லேல்லை.


சும்மா_படிப்பவன்:

இந்தியாவும் பாகிஸ்தானுமே ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. ஒருவர் நிலையத்தை ஒருவர் தாக்கக் கூடாது என்ற 1988 ஒப்பந்தப்படி, 1992-லிருந்து. போர் நடந்த 1999-க்குப் பிறகும் நிற்கவில்லை. எதிரிக்குக் கொடுக்கிறோம், மன்னார்க்காரருக்குக் கொடுக்க என்ன?


பாய்லர்_தாத்தா:

அது குண்டு போடாதே என்ற பட்டியல் தம்பி, உள்ளே வால்வு எப்படி இருக்கிறது என்று சொல்கிற பட்டியல் இல்லை. இரண்டும் வேறு. ஆனால் மன்னார்க்காரரின் ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. எங்கள் நிலையத்தில் குளோரின் கசிந்தால் முதல் போன் யாருக்கு என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும், பெயர் இல்லாமல், பதவி இல்லாமல், எண் மட்டும். பெயர் எழுதினால் அந்த ஆள் விடுப்பில் இருப்பார்.


லின்ஸ்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இந்த இழையில் படித்ததை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் 28.8 மீட்டர் பற்றி இரண்டு வார்த்தை விட்டேன், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அப்புறம் செக் நண்பர் தன் அம்மா வீட்டைப் பற்றிச் சொன்னார். டெமெலினிலிருந்து சில கி.மீ. தூரத்தில் டீன் என்ற ஊர். உலையைச் சுற்றி 13 கி.மீ. வட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு மாத்திரையும் வரும், கூடவே ஒரு நாட்காட்டியும் வரும், சைரன் ஊதினால் என்ன செய்ய வேண்டும், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்றெல்லாம் அதிலேயே அச்சிட்டிருக்குமாம். அம்மா அதைச் சமையலறையில் மாட்டி, பல் மருத்துவர் தேதியையும் கோழிக்கு மருந்து போட வேண்டிய நாளையும் அதில்தான் குறித்து வைப்பாராம். ஆஸ்திரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் அம்மாவுக்கு அந்த மாதிரி நாட்காட்டி வரவில்லை" என்றார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டேன். நாட்காட்டியின் படம் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் போடுகிறேன்.